ஆயிரத்து இருநூற்றுப் பதிமூன்றாம் படம்

மகாராஜா அண்ணாச்சி திருச்செந்தூருக்குப் போனால் இரண்டு செருப்பையும் ஒரே இடத்தில் கழற்ற மாட்டார். ஒன்றை ஒரு கடை வாசலில் விடுவார், மற்றதைப் பத்துக் கடை தள்ளி விடுவார். ஒற்றைச் செருப்பை எவனும் தூக்கிக்கொண்டு போக மாட்டான் என்பது அவர் எண்ணம். ஒரு தடவை சாமி கும்பிட்டுவிட்டு வந்து, இரண்டாவதை எந்தக் கடையில் விட்டோம் என்று மறந்து, முக்கால் மணி நேரம் வெயிலில் தேடியிருக்கிறார். அப்போதும் மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை. யாரோ வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் வீட்டில் வந்து சொன்னார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. ஒன்பது வருஷமாகத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவருடைய ஸ்டூடியோவில்தான் ஆல்பம் வடிவமைக்கிறேன். என் பெயர் சித்ரலேகா. பஸ் ஹாரன் ஓயாத ரோட்டின் மேலே இரண்டாவது மாடி. கீழே டீக்கடை, நடுவில் ஒரு பல் டாக்டர், அதற்கு மேலே நாங்கள். பல் டாக்டரிடம் வருகிறவர்கள் வழி தவறி எங்கள் மாடிக்கு வந்துவிட்டால்கூட, அவன் நிஜமாகவே பல்லுக்குத்தான் வந்தானா என்று அண்ணாச்சி படிக்கட்டுவரை போய்ப் பார்ப்பார்.

பிறவியிலேயே அவர் அப்படி இல்லை என்று அவர் வீட்டம்மா சொல்வார். முக்கூடலில் இருந்து பதினேழு வயதில் ஜங்ஷனுக்கு வந்து, ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் படம் கழுவக் கற்றுக்கொண்டவர். பிறகு ஒரு நண்பனோடு கூட்டாகக் கடை போட்டார். அவர் எடுத்ததிலேயே நல்ல படம் ஒரு மணப்பெண் படம். ஒரு நாள் காலையில் பார்த்தால் அதே பெண் பாளையங்கோட்டையில் ஒரு புதுக் கடையின் போர்டில் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கடை நண்பனுடையது. அந்தப் பெண்ணின் வீட்டார் வந்து சண்டை போட்டதோ இவரிடம். அன்றைக்குப் பிடித்த சந்தேகம் இன்னும் விடவில்லை.

அதனால் ஸ்டூடியோவில் ஒரே சட்டம்தான். படம் வெளியே போகக் கூடாது. பெண் பிள்ளைகள் படம், எவன் கையில் எங்கே போகும் என்று தெரியாது என்பார், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அண்ணாச்சி நியாயத்தோடு நிற்கிற ஆள் இல்லை. ஒரு படம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும், அதுவும் அவர் கண்முன் இருக்கிற கம்ப்யூட்டரில். இன்னொரு காப்பி எடுத்து எங்கேயாவது பத்திரமாக வைப்போமே என்று நான் சொன்னபோது, ரெண்டு இடத்துல வச்சா ரெண்டு இடத்தையும் காவல் காக்கணும்லா என்று வாயை அடைத்துவிட்டார். கேமராவில் இருந்து படம் பதிகிற கார்டைக் கழற்றுவது அவர். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அவர் பார்க்க நான் கார்டை அழித்துவிட வேண்டும்.

எங்களோடு இருந்த மூன்றாவது ஆள் டெனிஸ். மணப்பாட்டுக்காரன், முப்பத்தொரு வயது. அப்பா கபிரியேல் இன்னும் கடலுக்குப் போகிறார். மகனுக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும் என்பதால் கேமராவைத் தூக்கிவிட்டான். மனைவி ஆன்லினுக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வீடு, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நாலு வருஷமாக எங்களிடம் இருந்தான். கூட்டத்தில் இருக்கிற இடம் தெரியாமல் நின்று படம் எடுப்பான். அதையே அண்ணாச்சி குற்றமாகச் சொல்வார், இவன் எங்கன நிக்கான்னே தெரிய மாட்டேங்குது என்று.

என் வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை அதில்தான் சிக்கியிருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா போகும். பெண் வீட்டார் பக்கம் அண்ணாச்சி நிற்பார், மாப்பிள்ளை வீட்டார் பக்கம் டெனிஸ். இரண்டு கார்டில் இருப்பதையும் நான் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு போல்டரில் கொட்டுவேன். அதன் பிறகு என் ஸ்கிரிப்ட். பயப்பட வேண்டாம், இந்தப் போல்டரில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக எடு, ஓரத்தில் ஸ்டூடியோ பெயரைப் போடு, அந்தப் போல்டருக்கு மாற்று என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கிற நாற்பது வரிச் சீட்டுதான் அது. வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டு எழுதியது. இரண்டு கேமராப் படங்களும் 'மொத்தம்' என்கிற ஒரே போல்டரில் வந்து விழும், பழைய போல்டர்கள் காலியாகிவிடும். கடைசியில், முடிந்தது, பிழை இல்லை என்று தமிழில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன சித்திரையில் ஒரு கல்யாணத்தில் அண்ணாச்சியின் கேமரா ஒரு காரியம் செய்தது. கேமரா தான் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பரைப் பெயராக வைக்கும். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டியதும் திரும்ப ஒன்றுக்கு வந்துவிடும். அது வந்தது சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில். நிறைந்து வந்த கணக்கு தாலி ஏறும்போது அறுந்து போவதா என்று அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தம்பதிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அடுத்த கல்யாணத்தில் இருந்து இரண்டு கேமராவையும் முதல்நாளே ஒன்றுக்குக் கொண்டுவந்து, முதல் படமாக ஸ்டூடியோவில் மாட்டியிருக்கும் பிள்ளையாரை எடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்று முடிவு செய்தார். டெனிஸும் அவன் கேமராவில் பிள்ளையாரை எடுத்தான். எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்த அடுத்த கல்யாணம் அம்பாசமுத்திரத்தில், வைகாசியில். மாப்பிள்ளை சிவகணேஷ், பெண் சுப்ரஜா. மாப்பிள்ளையின் அப்பா குற்றாலலிங்கம் பிள்ளை கல்லிடைக்குறிச்சிக்காரர், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலையில் வழக்கம்போல அண்ணாச்சி கார்டுகளைக் கொண்டுவந்தார், நான் ஏற்றினேன், கார்டுகளை அழித்தேன், ஸ்கிரிப்டை ஓட்டினேன். முடிந்தது, பிழை இல்லை என்றது. இரண்டு நாளில் அதே கார்டுகள் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டன.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கக் குற்றாலலிங்கம் பிள்ளை வந்தார். பெரிய திரையில் நேர வரிசைப்படி ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெண் அழைப்பு வந்தது, பெண்ணின் சித்திமார் வந்தார்கள், பெண்ணின் பள்ளித் தோழிகள் ஒரு கூட்டமே வந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு வரவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் மாலை போட்டது இல்லை. பிள்ளைவாளின் அக்கா எண்பத்தோராவது வயதில் தூத்துக்குடியில் இருந்து கார் வைத்து வந்திருந்தாராம், அவர் முகமே இல்லை. முதல் பந்தி ஆரம்பித்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டு ஆட்களின் தலை தெரிந்தது, அதுவும் இலையைப் பார்த்துக் குனிந்த தலை.

"என்னவே மகாராஜா, கல்யாணம் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மட்டுந்தான் நடந்துச்சா?" என்றார் அவர்.

குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சம்பந்தி வீட்டார் காசு கொடுத்து எங்களைக் கவனித்துவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டியிருந்தது அந்த ஒரு பேச்சிலேயே தெரிந்தது. அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் படம் வேறு இடத்தில் இருக்கிறது என்று சமாளித்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறேன், இருந்தால் காட்டும், இல்லையென்றால் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

அவர் படி இறங்கிய சத்தம் ஓய்வதற்குள் அண்ணாச்சி டெனிஸைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏலே, நெசத்தச் சொல்லு. அன்னைக்குக் காலையில எங்கன போயிருந்த?"

எங்கேயும் போகவில்லை, மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றேன், ஆயிரத்து நானூற்று எண்பது படம் எடுத்தேன், கேமராவிலேயே பார்த்தேன் என்று டெனிஸ் சொன்னான். அண்ணாச்சி நம்பவில்லை. அன்றைக்கே கடற்கரையில் ஒரு கல்யாணம் இருந்ததாம், இவன் காலையில் அங்கே சொந்த ஆர்டரை முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு அம்பாசமுத்திரம் வந்திருக்கிறான் என்றார். சனிக்கிழமைக்குள் படம் வராவிட்டால், மாவட்டத்துப் போட்டோகிராபர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் டெனிஸின் படத்தைப் போட்டு, இந்த ஆளை யாரும் சேர்க்காதீர்கள் என்று எழுதிவிடுவேன் என்றார். அதைச் செய்தால் திருநெல்வேலியில் மட்டுமில்லை, நாகர்கோவில்வரைக்கும் டெனிஸ் கேமராவைத் தொட முடியாது.

அவனுக்காக நான் ஒரு காரியம் செய்தேன். அண்ணாச்சி எடுத்த தாலி கட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், பூச்சரத்துக்கு நடுவே, கேமராவைக் கண்ணில் வைத்தபடி டெனிஸ் நிற்கிறான். ஒரு படத்தில் இல்லை, பதினான்கு படத்தில். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"கேமராவத் தூக்கிப் பிடிச்சா படம் எடுத்ததாயிருமா?" என்றார்.

அதற்குப் பதில் சொல்லத்தான் அவன் படங்களின் நம்பரைப் பார்த்தேன். மிஞ்சியிருந்தவை இருநூற்று அறுபத்தெட்டு. அவற்றில் முதல் படத்தின் நம்பர் 1213. பிள்ளையாரில் இருந்து ஒன்று என்று தொடங்கிய கேமரா பந்தியில் 1213-க்கு வந்திருக்கிறது என்றால், அதற்கு முன்னால் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம். அவனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து இதைச் சொன்னேன். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படியென்றால் எடுத்திருக்கிறான், எடுத்துவிட்டு அழித்திருக்கிறான், பெண் வீட்டார் கையில் காசு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறான் என்றார். வேலைக்கு வராதவன் என்ற பழி போய்த் துரோகி என்ற பழி வந்தது. அதை வாங்கிக் கொடுத்தது நான்.

பிறகுதான் எனக்கே பயம் வந்தது. ஸ்கிரிப்ட் எங்கேயாவது தின்றுவிட்டதா? வியாழக்கிழமை முழுக்க அதை வரி வரியாகப் படித்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. மாசி மாதத்தில் முடித்த ஒரு கல்யாணத்தை எடுத்து, இரண்டு கேமராப் படங்களையும் பிரித்து வைத்து, ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு படம் உள்ளே போயிற்று, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கும் வெளியே வந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்றால், நேராக அண்ணாச்சியிடம் போய், ஸ்கிரிப்டில் தப்பே இல்லை, சோதித்துவிட்டேன் என்று சொன்னேன். பக்கத்தில் டெனிஸ் நின்றான். அவன் என்னைப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், அன்று மத்தியானம் எனக்கும் அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு அவன் மாடிப்படிக்குப் போனால், யாரோடு பேசுகிறான் என்று காது கொடுத்தேன். ஆன்லினிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதுவும் எனக்காகச் சொல்கிறானோ என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் அந்த ஆளோடு ஒரே அறையில் உட்கார்ந்ததில் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

அழிந்த படங்களைத் தோண்டி எடுக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. கார்டில் ஓட்டினேன், வளைகாப்பு வளையல்கள்தான் வந்தன. கம்ப்யூட்டரில் ஓட்டினேன், பாதி சாம்பல் நிறமாக நாலைந்து துண்டுகள் வந்தன. ஒன்றில் ஒரு வேட்டிக் கரை மட்டும் தெரிந்தது. அதை வைத்துக் குற்றாலலிங்கம் பிள்ளைக்கு ஆல்பம் போட முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரைத் திரும்பத் திறந்தபோது 'மொத்தம்' போல்டர் நேர வரிசையில் இல்லாமல் நம்பர் வரிசையில் திறந்தது. நான் எப்போதும் நேர வரிசையில்தான் பார்ப்பேன், அப்போதுதான் சடங்குகள் நடந்தபடி வரும். மாற்றலாம் என்று கையை வைத்தவள் நிறுத்திவிட்டேன். 1212-ல் பெண் காரில் ஏறி அழுகிறாள், சாயங்கால வெளிச்சம். அடுத்த படம் 1213-ல் மதியம் முதல் பந்தியில் இலை போடுகிறார்கள். முன்னது அண்ணாச்சி எடுத்த கடைசிப் படம். பின்னது டெனிஸின் மிஞ்சிய முதல் படம். அவர் எங்கே முடித்தாரோ அதற்கு மறு நம்பரில் இவன் ஆரம்பிக்கிறான்.

இரண்டு போல்டர் செய்தேன். ஒன்றில் என் சாப்பாட்டு டப்பாவை மூன்று படம் எடுத்துப் போட்டேன், மற்றதில் மாடிப்படியை மூன்று படம். இரண்டிலும் 1, 2, 3 என்றே பெயர் வைத்தேன். ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஆறு வர வேண்டும், மூன்றுதான் வந்தது, மூன்றும் சாப்பாட்டு டப்பா. மாடிப்படியை முதலில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அதே பெயரில் டப்பா வந்ததும், கேட்காமல் கொள்ளாமல் மாடிப்படியை எடுத்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் டப்பாவை வைத்துவிட்டது. முடிந்தது, பிழை இல்லை என்று கீழே எழுதியிருந்தது.

இத்தனை வருஷம் இரண்டு கேமராவும் ஒன்று நாலாயிரத்தில், ஒன்று ஏழாயிரத்தில் என்று அததன் போக்கில் எண்ணிக்கொண்டு போனதால் பெயர் மோதவில்லை. மாசிக் கல்யாணத்தில் சோதித்தபோது தப்புத் தெரியாமல் போனதும் அதனால்தான். பிள்ளையாரை வைத்து இரண்டையும் ஒன்றில் இருந்து தொடங்கிய முதல் கல்யாணம் இது. டெனிஸின் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு படத்தின் மேல் அண்ணாச்சியின் படங்களை ஏற்றி உட்கார வைத்தது என் நாற்பது வரிகள். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நான் ஒரு வரி எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கிரிப்டைப் படிக்கத் தெரிந்தவர் அந்த மாடியில் வேறு யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு டெனிஸைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். படங்கள் இனி வராது, ஆனால் நாளைக்கு அண்ணாச்சியிடம் என் தப்பு என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு பைய, "படம் இருக்குக்கா" என்றான்.

எங்கள் கேமராவில் கார்டு போட இரண்டு இடம் உண்டு. இரண்டிலும் போட்டால், எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டிலும் விழும். அண்ணாச்சி ஒன்றில்தான் கார்டு போடுவார், மற்றது காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் டெனிஸ் தன் சொந்தக் கார்டைப் போட்டு வந்திருக்கிறான், கேமராவை ஒப்படைக்கும் முன் கழற்றிவிடுவான். அதை வெளியே எடுத்தால் சிவகணேஷ் கல்யாணம் முழுசாக வந்துவிடும். ஆனால் அண்ணாச்சி எதைத் திருட்டு என்று சொல்வாரோ, அதைத் தான் செய்ததாக அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவன் தயங்கினான். நான்தான் விடவில்லை. எண்பத்தொரு வயதுக் கிழவியின் படம் போகக் கூடாது என்று சொன்னேன், அண்ணாச்சிக்குப் படம் கிடைத்த சந்தோஷத்தில் மற்றது மறந்துவிடும் என்று சொன்னேன்.

"நீ கொண்டா டெனிஸ். நான் இருக்கேன்லா, நான் பேசுதேன்."

சனிக்கிழமை காலையில் கொண்டுவந்தான். பார்க்கச் சுண்டு விரல் அகலம், அதில் ஆயிரத்து நானூற்று எண்பது படமும் இருந்தது. அண்ணாச்சி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. முதலில் வேலை நடக்கட்டும் என்றார். பெயருக்கு முன்னால் கேமராவின் அடையாளத்தைச் சேர்த்துக்கொள் என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதி ஓட்டினேன். இந்தத் தடவை நான் அந்தக் கடைசி வரியை நம்பவில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிப் பார்த்தேன். இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு, சரியாக இருந்தது.

ஐந்து மணிக்குக் குற்றாலலிங்கம் பிள்ளை வந்தார். மாப்பிள்ளை அழைப்பைப் பார்த்தார், தாய்மாமன் மாலை போடுவதைப் பார்த்தார். அக்கா வந்ததும் நிறுத்தச் சொன்னார். அந்த அம்மாள் மாப்பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லிச் சிரிக்கிறார். நல்ல படம். பிள்ளைவாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இவ்வளவு நாள் இதை ஏன் ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். இல்லையென்று எவ்வளவு சொல்லியும், நம்பாத முகத்தோடுதான் போனார்.

அவர் போனதும் அண்ணாச்சி கதவைச் சாத்தினார். நான் முந்திக்கொண்டேன். நம்பர் ஒன்றானது, பெயர் மோதியது, நான் எழுதாமல் விட்ட வரி எல்லாவற்றையும் சொல்லி, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். மிஷினு செஞ்சதுக்கு நீ என்னம்மா செய்வ என்று ஒரே வரியில் என்னை விட்டுவிட்டார். அவருக்கு அதில் அக்கறையே இல்லை. டெனிஸ் பக்கம் திரும்பினார்.

"எத்தன நாளாலே இது நடக்கு?"

"நாலு வருசமா அண்ணாச்சி. வீட்டுல இன்னும் ரெண்டு கார்டு இருக்கு."

"எதுக்கு?"

டெனிஸ் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான். "என்னைக்காவது ஒரு நாள் படத்தக் காணோம்னு என்னையத்தான் சொல்லுவீய. அன்னைக்குக் காட்டணும்லா."

அண்ணாச்சி இதைக் கேட்டு வெட்கப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி. பாத்தியாம்மா, நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சுல்லா என்று என்னிடம் சொன்னார். இத்தனை வருஷம் காத்திருந்தது கடைசியில் கிடைத்துவிட்ட மாதிரி சொன்னார். அந்த இரண்டு கார்டையும் கொண்டுவந்து கொடுத்துவிடு, நாளையில் இருந்து வராதே, குரூப்பில் போட மாட்டேன், அது நான் உனக்குச் செய்கிற நல்லது என்றார். நான் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, பேசினேன். அவன் கொண்டுவராவிட்டால் இன்று நம் மானம் போயிருக்கும் என்றேன். அதையும் இதையும் சேர்க்காதே என்று கையைக் காட்டி நிறுத்தினார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"சித்ரா, நீ எதுவும் இப்படி வச்சிருக்கியாம்மா?"

வைத்திருந்தேன். ஆறு வருஷமாக நான் செய்த ஆல்பங்கள் எல்லாமே, படங்களோடு, ஒரு பென்டிரைவில் என் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. இந்த ஆள் ஒரு நாள் என்னைத் துரத்தினால் இன்னொரு இடத்தில் காட்ட எனக்கு ஏதாவது வேண்டும் என்ற பயத்தில் எடுத்து வைத்தது. டெனிஸின் பயமும் என் பயமும் ஒன்றுதான். அந்தப் பென்டிரைவை ஜங்ஷனில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்ததே டெனிஸ். எதற்கு என்று அவனுக்குத் தெரியும். என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில் நின்றான்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா. உன்னையப் போயி கேக்கேன் பாரு" என்றார்.

டெனிஸ் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். ஒரு வார்த்தை போதும், நானும் அவனும் சேர்ந்தே அந்தப் படிக்கட்டில் இறங்கியிருப்போம். அவன் அதைச் சொல்லவில்லை. கேமராவின் தோள்வாரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தான், ஹெல்மெட்டை எடுத்தான்.

"வாரேன்க்கா. பிள்ளைக்கு மருந்து வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணாச்சி மின்விசிறியைக் கூட்டி வைத்து, இப்பதான் மனசுக்கு நிம்மதியா இருக்கு, இனி நம்ம ரெண்டு பேரும் நம்பிக்கையான ஆளுங்க மட்டும்தான் என்றார். நான் ஆமாம் என்றேன்.